பழைய ஜீப், கார்களுக்கு எலெக்ட்ரிக் ரேடியேட்டர் ஃபேன்: மாற்றும் முன் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தோட்டத்தில் இருந்து சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லவும், உரமூட்டை, தீவனம் கொண்டுவரவும் பழைய ஜீப்பையும் அம்பாசடர் காரையும் இன்றும் வைத்திருக்கும் விவசாயிகள் பலர். கோடை வந்தால் இந்த வண்டிகளில் வரும் முதல் தொல்லை, இன்ஜின் ஹீட் ஆவதுதான். ‘இன்ஜின் ஃபேனைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் போட்டுவிடலாம், ஹீட் ஆகாது, டீசலும் மிச்சம்’ என்ற யோசனையும் அப்போது வரும்.

இது நல்ல மாற்றம்தான். ஆனால், எல்லா வண்டிக்கும் ஏற்றதல்ல. தவறாகச் செய்தால் பாதி வழியில் இன்ஜின் கொதித்து ஹெட் கேஸ்கட் போய்விடும். ஏற்றிய தக்காளியும் வீணாகும், ரிப்பேர் செலவும் சேரும். எந்த வண்டிக்குப் பொருந்தும், எதை முதலில் சரிபார்க்க வேண்டும், எப்படிப் பொருத்த வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

இரண்டு ஃபேனுக்கும் என்ன வித்தியாசம்?

மகிந்திரா மேஜர், கமாண்டர் போன்ற பழைய ஜீப்புகளிலும் அம்பாசடரிலும் ரேடியேட்டர் ஃபேன், வாட்டர் பம்ப்பின் முன்பக்கம் பொருத்தப்பட்டிருக்கும். ஃபேன் பெல்ட்டால் சுற்றும். இன்ஜின் வேகமாக ஓடினால் ஃபேனும் வேகமாக ஓடும். ஐடிலில் நின்றால் அதுவும் மெதுவாகவே சுற்றும். காலைக் குளிரில் இன்ஜின் சூடேறாதபோதும் அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

சில வண்டிகளில் ஃபேனின் நடுவே வட்டமான ‘விஸ்கஸ் கிளட்ச்’ இருக்கும். அதற்குள் சிலிக்கான் எண்ணெய் உண்டு. ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானால் கிளட்ச் இறுகி ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், குளிர்ந்தால் தளர்ந்துவிடும்.

எலெக்ட்ரிக் ஃபேன் பேட்டரி மின்சாரத்தில் ஓடும். தண்ணீர் குறிப்பிட்ட சூட்டை எட்டியதும் தானாக ஓடி, குறைந்ததும் தானாக நிற்கும். இன்ஜின் ஐடிலில் இருந்தாலும் முழு வேகத்தில் காற்று இழுக்கும். மாருதி 800 போன்ற கார்களில் இன்ஜின் குறுக்காக இருப்பதால் ஆரம்பத்தில் இருந்தே இந்த ஃபேன்தான்.

டீசல் உண்மையிலேயே மிச்சமாகுமா?

ஒரு ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால், அதைச் சுற்றத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். எனவே, ரோட்டில் வேகமாகப் போகும்போது இன்ஜின் ஃபேன் வீணாகச் சக்தியைத் தின்கிறது. அந்த வேகத்தில் முன்னிருந்து வரும் காற்றே ரேடியேட்டருக்குப் பெரும்பாலும் போதுமானது. எலெக்ட்ரிக் ஃபேனுக்கு அப்போது வேலையே இருக்காது.

ஆனால், எலெக்ட்ரிக் ஃபேனும் சும்மா ஓடுவதில்லை. 15 ஆம்பியர் இழுக்கும் ஃபேனுக்குச் சுமார் 200 வாட் மின்சாரம் வேண்டும். அதை ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்ய, இன்ஜினில் இருந்து ஏறக்குறைய அரை எச்.பி. போகும். ரோட்டு ஓட்டம் அதிகம் உள்ளவருக்குச் சிறிது மிச்சமாகும். வயல் வரப்பிலும் மண் பாதையிலும் மெதுவாக ஓட்டுபவருக்குப் பெரிய மிச்சம் இருக்காது. மைலேஜுக்காக மட்டும் இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டாம்.

யாருக்கு ஏற்றது, யாருக்கு வேண்டாம்?

ஏற்றது:

- சந்தை வாசலில், ரயில்வே கேட்டில் ஐடிலில் நிற்கும்போது ஹீட் ஆகும் பழைய ஜீப், கார்.
- விஸ்கஸ் கிளட்ச் கெட்டுப்போய், மாற்றுப் பொருள் கிடைக்காத வண்டி.
- ஓடை, தரைப்பாலத் தண்ணீரைக் கடக்கும் ஜீப். சுற்றும் இன்ஜின் ஃபேன் தண்ணீரில் மோதினால் இறக்கை முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கும். எலெக்ட்ரிக் ஃபேனை ஒரு சுவிட்சால் நிறுத்திவிட்டுக் கடக்கலாம்.

வேண்டாம்:

- டிராக்டர். உழவின்போது வண்டி நடை வேகத்திலேயே போகும். முன்னிருந்து காற்று வராது. இன்ஜின் மட்டும் மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓடும். ரொட்டவேட்டர் ஓட்டும்போது இன்னும் அதிகம். அந்த அளவு காற்றைத் தர வேண்டுமானால், டிராக்டரின் ஆல்டர்னேட்டர் தாங்க முடியாத மின்சாரம் தேவைப்படும். வைக்கோல் தூசும் சிறிய மோட்டாரைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.
- நின்ற இடத்திலேயே ஓடும் டீசல் பம்ப்செட் இன்ஜின். காரணம் அதேதான்.
- வாரன்டி முடியாத வண்டி. ஃபேனை மாற்றினால் வாரன்டி மறுக்கப்படலாம்.
- ஆல்டர்னேட்டர் இல்லாமல், பழைய டைப் டி.சி. டைனமோவே இருக்கும் வண்டி. ஐடிலில் அது மின்சாரமே தராது.

டிராக்டர் ஹீட் ஆனால் முன்வலையைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். ரேடியேட்டருக்கு இன்ஜின் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாகக் காற்று அடித்துத் தூசை எடுங்கள். பெல்ட் டென்ஷனையும் தண்ணீர் அளவையும் பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

முதலில் ஹீட் ஆவதற்கான காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

ஃபேனை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய முக்கிய வேலை இது. வண்டி எப்போது ஹீட் ஆகிறது என்பதே பாதிப் பதிலைச் சொல்லிவிடும்.

நிற்கும்போதும் மெதுவாகப் போகும்போதும் மட்டும் ஹீட் ஆனால்: காற்றுக் குறைவு. பெல்ட் தளர்ச்சி, உடைந்த இறக்கை, கெட்ட விஸ்கஸ் கிளட்ச், ரேடியேட்டர் முன்பக்கத்தில் அடைத்த பூச்சி, தூசு இவற்றைப் பாருங்கள். எலெக்ட்ரிக் ஃபேன் உதவுவது இந்த நிலையில்தான்.

ரோட்டில் வேகமாகப் போகும்போது ஹீட் ஆனால்: காற்று போதுமான அளவு வருகிறது, தண்ணீர் ஓட்டம்தான் சரியில்லை. ரேடியேட்டர் உள்ளே உப்பு அடைப்பு, தெர்மோஸ்டாட் வால்வு சிக்கிக்கொள்வது, வாட்டர் பம்ப் தேய்மானம், கீழ் ஹோஸ் உள்ளிழுத்து ஒட்டிக்கொள்வது காரணமாக இருக்கலாம். எந்த ஃபேன் போட்டாலும் இது தீராது.

ரேடியேட்டரில் குமிழி வந்தால், சைலன்சரில் தொடர்ந்து வெள்ளைப் புகை வந்தால், ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால்: ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சரிசெய்யாமல் வேறு எதற்கும் செலவு செய்யாதீர்கள்.

போர்வெல் தண்ணீரை நேரடியாக ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். கூலன்ட், உள்ளே துரு பிடிப்பதையும் தடுக்கும்.

தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்துவிடும் வழக்கமும் தவறு. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் டீசல் அதிகம் குடிக்கும், சீக்கிரம் தேயும். சில இன்ஜின்களில் சூடான தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடுவதால், வால்வைக் கழற்றினால் ஹீட் இன்னும் கூடும்.

டைனமோ தாங்குமா? கணக்குப் போடுங்கள்

கிராமத்தில் ஆல்டர்னேட்டரையும் ‘டைனமோ’ என்றே சொல்கிறோம். அதன் மேல் உள்ள பிளேட்டில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். உதாரணத்துக்கு 35 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். இரவில், மழையில் ஓட்டும்போது ஆகும் செலவு இது:

- ஹெட்லைட், பின் விளக்கு, மீட்டர் விளக்கு: சுமார் 10 ஆம்பியர்
- வைப்பர்: சுமார் 4 ஆம்பியர்
- பாட்டு செட், மற்றவை: சுமார் 4 ஆம்பியர்
- எலெக்ட்ரிக் ஃபேன்: 15 ஆம்பியர்

மொத்தம் 33 ஆம்பியர். 35-க்குள் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பிளேட்டில் உள்ள அளவு, இன்ஜின் நல்ல வேகத்தில் ஓடும்போது கிடைப்பது. ஐடிலில் அதில் பாதி கிடைத்தாலே அதிகம். மீதியைப் பேட்டரிதான் கொடுக்கும். கொஞ்ச நேரத்தில் அதுவும் இறங்கிவிடும். பேட்டரி இறங்கினால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், இன்ஜின் ஹீட் ஆகும்.

மொத்தச் செலவைவிடக் கால் பங்காவது கூடுதல் திறன் உள்ள ஆல்டர்னேட்டர் இருக்க வேண்டும். மேலே சொன்ன வண்டிக்கு 45 ஆம்பியருக்குக் குறையாமல் வேண்டும். இல்லையென்றால் முதலில் ஆல்டர்னேட்டரை மாற்றுங்கள். ஃபேன் வாங்குவது அதன் பிறகுதான்.

ஃபேனைத் தேர்வு செய்வது எப்படி?

ஓட்டேஜ்: ஜீப், கார்களுக்கு 12 வோல்ட் ஃபேன். பழைய இரும்புக் கடையில் லாரி, பஸ்ஸில் இருந்து கழற்றிய 24 வோல்ட் ஃபேனும் கிடக்கும். அதை 12 வோல்ட்டில் இணைத்தால் சுற்றும், ஆனால் காற்று வராது.

அளவு: ரேடியேட்டர் வலைப் பகுதிக்குள் அடங்கும் மிகப் பெரிய ஃபேனை எடுங்கள். ரேடியேட்டர் 50 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் என்றால் பரப்பு 2,250 சதுர செ.மீ. 14 அங்குல ஃபேனின் வட்டப் பரப்போ சுமார் 990 சதுர செ.மீ.தான். ஃபேனை மட்டும் வைத்தால் பாதி ரேடியேட்டருக்குக்கூடக் காற்று கிடைக்காது.

ஷ்ரவுட்: இந்தக் குறையைத் தீர்ப்பது ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரை முழுதாக மூடும் கூடு. இதை ஷ்ரவுட் என்பார்கள். முழு வலையின் வழியாகவும் காற்றை இழுக்க வைப்பது இதுதான். ஷ்ரவுட் இல்லாத ஃபேனை வாங்காதீர்கள். பொருந்தும் ஷ்ரவுட் கிடைக்காவிட்டால், டிங்கரிடம் தகட்டில் அடித்து வாங்கலாம். வலைக்கும் ஃபேன் இறக்கைக்கும் இடையே சில செ.மீ. ஆழம் இருக்கட்டும். ஓரங்களில் ரப்பர் பட்டை வைத்து இடைவெளியை அடையுங்கள்.

பழைய ஃபேன் வாங்கினால்: சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் காரில் இருந்து கழற்றிய ஃபேன், ஷ்ரவுட்டோடு சேர்த்தே கிடைக்கும். பேட்டரியில் இணைத்து ஓடவிட்டுப் பாருங்கள். ஆட்டம், கரகரச் சத்தம் இருந்தால் வேண்டாம். டி.சி. கிளாம்ப் மீட்டரால் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஃபியூஸும் வயரும் அந்த அளவை வைத்துத்தான்.

பொருத்தும் முறை

1. இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். கடைசியில் மாட்டும்போது இதைத்தான் இறுதியாக மாட்ட வேண்டும்.

2. பழைய ஃபேனைக் கழற்றுங்கள். விஸ்கஸ் கிளட்ச் வைத்த சில இன்ஜின்களில் நட் இடது மரையாக இருக்கும். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரியாமல் சுத்தியலால் அடித்தால் வாட்டர் பம்ப் பேரிங் போய்விடும்.

3. பல வண்டிகளில் ஃபேனையும் பெல்ட் புல்லியையும் ஒரே போல்ட்டுகள்தான் பிடித்திருக்கும். ஃபேன் போன பிறகு அதே நீளப் போல்ட்டை மாட்டினால், புல்லி இறுகாது அல்லது போல்ட் உள்ளே போய் பம்ப்பில் இடிக்கும். அதே மரையில் நீளம் குறைந்த போல்ட் வாங்கி மாட்டுங்கள்.

4. பெல்ட்டைக் கழற்றிவிடாதீர்கள். வாட்டர் பம்ப்பும் ஆல்டர்னேட்டரும் அதில்தான் ஓடுகின்றன.

5. புதிய ஃபேனை இன்ஜின் பக்கத்தில், ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்கும்படி வையுங்கள். மோட்டாருக்கும் புல்லிக்கும் இடையே குறைந்தது 2 செ.மீ. இடைவெளி வேண்டும். கிளட்ச் விடும்போது இன்ஜின் அசையும் என்பதை மறக்க வேண்டாம்.

6. ஃபேனை ரேடியேட்டர் வலைக்குள் பிளாஸ்டிக் டேக் நுழைத்துக் கட்டுவது கூடாது. அதிர்வில் அது ரேடியேட்டர் குழாயை ரம்பம்போல் அறுத்துவிடும். இரும்புப் பட்டை வைத்து ரேடியேட்டர் பிரேமில் போல்ட் போட்டுப் பிடியுங்கள்.

வயரிங்: தவறினால் தீ விபத்து

இந்த வேலையை ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுப்பது நல்லது. ஆனால், சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

15 ஆம்பியர் இழுக்கும் ஃபேனுக்கு 40 ஆம்பியர் ரிலே, 25 ஆம்பியர் ஃபியூஸ், 4 சதுர மி.மீ. பல இழைச் செப்பு வயர் தேவை. வீட்டு லைட் வயரை உபயோகிக்காதீர்கள். ஃபேனின் மின்சாரத்தை டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவோ இக்னிஷன் சாவி வழியாகவோ நேரடியாக எடுக்கக் கூடாது, சுவிட்ச் உருகிவிடும்.

ரிலேயின் அடியில் 30, 87, 86, 85 என்று எண்கள் இருக்கும். இணைப்பு இப்படி:

- 30: பேட்டரி பாசிட்டிவில் இருந்து, ஃபியூஸ் வழியாக. ஃபியூஸ் பேட்டரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும்.
- 87: ஃபேனின் பாசிட்டிவ் வயருக்கு. ஃபேனின் நெகட்டிவ், பெயின்ட் சுரண்டிய பாடி எர்த்துக்கு.
- 86: சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரில் இருந்து, 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக. தண்ணீர் கடக்கும்போது ஃபேனை நிறுத்தும் சுவிட்சை இந்த வயரில் வையுங்கள்.
- 85: வெப்ப சுவிட்ச் வழியாக எர்த்துக்கு.

வெப்ப சுவிட்சுக்கு இணையாக டேஷ்போர்டில் இன்னொரு சுவிட்ச் வைத்து 85-ஐ எர்த் செய்தால், வெப்ப சுவிட்ச் கெட்டாலும் கையால் ஃபேனை ஓட்டலாம். 87-இல் இருந்து சிறிய ஃபியூஸோடு ஒரு விளக்கை டேஷ்போர்டில் வைத்தால், ஃபேனுக்கு மின்சாரம் போவது உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். மலைப்பாதையில் ஓட்டுபவர்கள் இந்த இரண்டையும் தவிர்க்க வேண்டாம்.

எத்தனை டிகிரியில் ஃபேன் ஓட வேண்டும்?

தெர்மோஸ்டாட் வால்வில் அது திறக்கும் வெப்பம் பொறிக்கப்பட்டிருக்கும். பல வண்டிகளில் அது 82 டிகிரி. ஃபேன் நிற்கும் வெப்பம் இதைவிட அதிகமாக இருக்க வேண்டும். 82 டிகிரி வால்வுக்கு, 92-இல் ஓடி 87-இல் நிற்கும் சுவிட்ச் பொருந்தும். 80-இல் நிற்கும் சுவிட்சைப் போட்டால் ஃபேன் நிற்கவே நிற்காது. மோட்டார் சீக்கிரம் தேயும்.

இது இன்ஜினில் இருந்து சூடான தண்ணீர் வெளியேறும் பக்கத்தில் சுவிட்ச் வைத்தால் உள்ள கணக்கு. ரேடியேட்டரின் கீழ்ப்பக்கத்தில் வைத்தால், அங்கே தண்ணீர் குளிர்ந்திருக்கும் என்பதால் இன்னும் குறைந்த டிகிரி சுவிட்ச் வேண்டும். ரேடியேட்டர் வலைக்குள் குத்திவைக்கும் கம்பி சென்சார் அதிர்வில் கழன்றுவிடும். திருகி மாட்டும் சுவிட்சே நல்லது.

ஒன்றை நினைவில் வையுங்கள். தண்ணீர் குறைந்து, சுவிட்சின் முனை தண்ணீரில் படாமல் போனால், இன்ஜின் கொதித்தாலும் சுவிட்சுக்குத் தெரியாது, ஃபேன் ஓடாது. இன்ஜின் ஃபேனில் இந்தப் பிரச்னை இல்லை. எனவே எலெக்ட்ரிக் ஃபேன் போட்ட வண்டியில் தினமும் காலையில் தண்ணீர் அளவைப் பார்ப்பதும், டெம்பரேச்சர் மீட்டர் வேலை செய்வதும் கட்டாயம்.

பொருத்திய பிறகு சோதனை

காகிதச் சோதனை: ஃபேன் ஓடும்போது ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். அது வலையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறியிருக்கிறது. அப்படியே ரோட்டில் போனால், வரும் காற்றை ஃபேன் எதிர்த்துத் தள்ளும். வண்டி முன்பைவிட அதிகம் கொதிக்கும்.

ஐடில் சோதனை: நண்பகல் வெயிலில் 20 நிமிடம் ஐடிலில் நிறுத்துங்கள். ஃபேன் ஓடி, நின்று, மீண்டும் ஓட வேண்டும். நிற்காமலே ஓடி, மீட்டர் முள்ளும் ஏறிக்கொண்டே போனால் ஃபேன் போதவில்லை.

பேட்டரி சோதனை: ஃபேன், ஹெட்லைட் இரண்டையும் போட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்தபடி பேட்டரியில் வோல்ட் அளந்து பாருங்கள். 13.2-க்கு மேல் இருந்தால் நல்லது. 12.6-க்குக் கீழ் இறங்கினால் பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கிறது.

சுமைச் சோதனை: முதல் வாரம் சமதளத்தில் பாதிச் சுமையோடு ஓட்டுங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதை போன்ற ஏற்றத்தில், முழு லோடோடு முதல் நாளே ஏற வேண்டாம். ஏற்றத்தில் இன்ஜின் முழுச் சக்தியில் உழைக்கும், வண்டி மெதுவாகப் போகும், காற்று வராது. உங்கள் ஃபேனுக்கு உண்மையான பரீட்சை அங்கேதான். அங்கே முள் சிவப்பை நெருங்கினால், தயங்காமல் பழைய ஃபேனுக்குத் திரும்புங்கள்.

வழியில் ஃபேன் நின்றுவிட்டால்

- முள் ஏறுவதைப் பார்த்ததும் ஏ.சி. இருந்தால் நிறுத்துங்கள். வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள்.
- ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். 0.9 பார் மூடி போட்ட ரேடியேட்டரில் தண்ணீர் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் பீறிடும். மேல் ஹோஸைக் கையால் அழுத்தும் அளவுக்கு ஆறிய பிறகே, தடித்த துணியைப் போட்டு மெதுவாகத் திறங்கள்.
- கொதிக்கும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஹெட் வெடித்துவிடும்.
- ஃபியூஸைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், ரிலேயைப் பிடுங்கிவிட்டு 30, 87 பின்கள் இருந்த இடத்தைத் தடித்த வயர்த் துண்டால் இணையுங்கள். ஃபேன் ஓடினால் வீடு சேரலாம். வண்டியை நிறுத்தியதும் அந்த வயரை எடுத்துவிட வேண்டும்.
- ஃபேன் மோட்டாரே போயிருந்தால், சமதள ரோட்டில் சுமை இல்லாமல் 40–50 கி.மீ. வேகத்தில் முள்ளைப் பார்த்துக்கொண்டே அருகில் உள்ள பட்டறை வரை போகலாம். ஏற்றத்தில் ஏறாதீர்கள்.

வண்டியில் எப்போதும் இரண்டு ஃபியூஸ், ஒரு ரிலே, ஒரு முழ வயர், ஐந்து லிட்டர் தண்ணீர் இருக்கட்டும்.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை வயர் இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் இணைப்பு தளர்ந்திருக்கிறது. அறுவடைக் காலத்தில் வாரம் ஒருமுறை ரேடியேட்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் பீய்ச்சும்போது ஃபேன் மோட்டார் மேல் நேராக அடிக்க வேண்டாம். சாவி போட்டிருக்கும்போது ஃபேன் எப்போது வேண்டுமானாலும் ஓடத் தொடங்கும். அருகில் கையையோ துண்டையோ கொண்டுபோகாதீர்கள்.

கழற்றிய பழைய ஃபேனையும் அதன் போல்ட்டுகளையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு கோடை, ஒரு அறுவடைக் காலம் முழுதும் புதிய ஃபேன் தொல்லையில்லாமல் உழைத்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை அது உங்கள் வீட்டு மூலையில் இருக்கட்டும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லோடு போக வேண்டிய நாளில் எலெக்ட்ரிக் ஃபேன் கைவிட்டால், பழைய ஃபேனை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.